ஊமைக் குடம்

பாத்திரக் கடையில் நின்று கால் கடுத்தவர்களுக்குத் தெரியும், நம்மிடம் யாரும் குடம் வாங்குவதில்லை, சத்தம்தான் வாங்குகிறார்கள். போர்ட் பிளேயர் பஜாரில் நான் வேலை பார்த்த கடையிலும் அதே கதைதான். விரலை மடக்கித் தட்டுவார்கள், காதைக் கொடுப்பார்கள், அப்புறம்தான் விலை கேட்பார்கள்.

ஜெட்டியில் விழுந்தது

மெட்ராஸ் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும்போது ஒரு பித்தளைக் குடம் கப்பல் அணையும் ஜெட்டி மேடையில் விழுந்து, அடியில் விரிசல் விட்டது. பற்றவைத்து நெளிவு எடுத்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் தட்டினால் 'டொக்' என்றது. "அடுத்த கப்பல் வர்றதுக்குள்ளே இதைத் தள்ளிவிடு, இல்லேன்னா உருக்கப் போயிடும்" என்றார் முதலாளி. எனக்கோ அதன்மேல் பாசம் விழுந்துவிட்டது. கடல் தாண்டி வந்ததை உருக்கக் கொடுக்க மனசு வரவில்லை.

டெய்ரி ஃபார்ம் ஏரியாவிலிருந்து ஒரு குமாஸ்தா வந்தார். அவர் எதிரிலேயே தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒழுகலை, டீக் ஹை. ஆனா உள்ளே என்னமோ உடைஞ்ச மாதிரி கேக்குதே, பாய்."

புளி போட்டுத் தேய்த்தது

காதை ஏமாற்ற முடியாது, கண்ணையாவது மயக்குவோம் என்று புளி போட்டுத் தேய்த்து வாசலில் வைத்தேன். தகதகவென்று மின்னியது. மகள் கல்யாணச் சீருக்காக மாயாபந்தரிலிருந்து படகேறி வந்திருந்த ஓர் அம்மாள், நேராக அதைத்தான் எடுத்தார். இடுப்பில் வைத்துப் பார்த்தார். பாந்தமாக உட்கார்ந்தது. அவர் தட்டிவிடக் கூடாதே என்று நான் கப்பல், மழை, மெயின்லேண்டு வெங்காயம் என்று வாய் ஓயாமல் பேசினேன்.

அவர் மோதிரம் பட்டுவிட்டது. டொக். தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் குடத்தை இறக்கி வைத்தார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு, தம்பி. சம்பந்தி வீட்டுல நாலு பேரு தட்டிப் பார்ப்பாங்களே."

வளையல் பட்டது

அடுத்த கப்பல் துறைமுகத்துக்கு வந்தாயிற்று. குடத்தைப் பழைய பித்தளையோடு மூலையில் போட்டிருந்தேன். அன்று மரைன் ஹில் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண், புருஷனைக் கைபிடித்து அழைத்து வந்தாள். காய்ச்சலில் அவருக்குப் பார்வை போய் ஒரு வருஷமாகிறதாம்.

அவள் குடங்களை ஒவ்வொன்றாக வளையல் கையால் தொட்டுக்கொண்டே போனாள். கணீர், கணீர். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார், வேண்டாம் என்று. மூலைக்குப் போனவள், அந்தக் குடத்தையும் தொட்டாள்.

"நில்லு. அது எது?" என்றார்.

"அது பற்றவைத்தது, அண்ணே. சத்தம் வராது" என்றேன். இந்தத் தடவை மறைக்க எனக்கு மனசில்லை.

அவர் தடவித் தடவி வந்து, குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"குழாயடியிலேர்ந்து வர்ற எல்லார் குடமும் வளையல் பட்டா கணீர்னுதான் கேக்குது, பாய். யார் வந்தாலும் என் பொண்டாட்டிதான்னு நினைச்சு இவ பேர் சொல்லிக் கூப்பிட்டுடறேன், அந்தப் பொம்பளைங்க சிரிக்குதுங்க. இப்போ கூப்பிடறதையே விட்டுட்டேன். இந்தக் குடம் வந்தா இவதான்."

அன்று முதல் யாராவது குடத்தைத் தட்டி 'கணீர்னு இருக்கே' என்று மெச்சினால், வாங்குகிறவர் வீட்டில் எல்லாருக்கும் கண் நன்றாகத் தெரிகிறது போலிருக்கிறது என்று நினைத்தபடியே கட்டிக் கொடுப்பேன்.