பேய்க்குக் குரல் கொடுத்தவள்

டப்பிங் ஸ்டூடியோவில் அவளுக்குக் கத்தலக்கா என்றுதான் பெயர். அலறித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளக் கதாநாயகிகளுக்கு மனம் வராது. அந்த இடத்துக்கு மட்டும் இவளைக் கூப்பிடுவார்கள். கிணற்றில் விழுவாள், தீயில் வேவாள், ஒரு மடக்கு வெந்நீர் குடித்துவிட்டு அடுத்த சாவுக்குத் தயாராவாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்பவன் நான்.

அப்போதுதான் அந்தப் பக்திப் பேய்ப்படம் வந்து சேர்ந்தது. படமா அது? சுவரைப் பிளக்கிற பேய்க்குத் தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியாது. கடவுளோ, பழைய படத்துப் போலீஸ் மாதிரி எல்லாம் முடிந்தபின் வருகிறார். எதற்காக ஒரு சிறுமியைப் பிடித்தது என்று பேய்க்கும் தெரியவில்லை, இயக்குநருக்கும் தெரியவில்லை. இதையெல்லாம் கூடச் சிரித்துத் தொலைக்கலாம். நடுவில் ஒரு டாக்டர் வந்து கையை விரிப்பார்; மாத்திரைகள் குப்பைக்குப் போகும்; துறவி மந்திரம் சொல்லச் சிறுமி எழுந்து உட்காருவாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சிறுமிக்காகக் கத்தலக்கா விதவிதமாக அலறினாள். இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.

"கத்தாதீங்கக்கா. வேற மாதிரி, உள்ளேருந்து வரணும்."

அவள் ஒரு மடக்கு வெந்நீர் குடித்தாள். பிறகு பல்லைக் கிட்டிக்கொண்டு, மூச்சு அறுந்து அறுந்து இழுக்க, எச்சிலோடு ஒரு சத்தம் எழுப்பினாள். இயக்குநர் எழுந்து கை தட்டினார்.

வெளியே வந்தவள், "என் பொண்ணுக்கு வலிப்பு வர்றப்ப இப்படித்தான் இருக்கும்" என்றாள். அன்று மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

மகள் ஏழாவது படிக்கிறாள். தினம் தவறாமல் மாத்திரை போடுவதால் வலிப்பு அடங்கியிருந்தது. ஒரு வேளை மாத்திரையை விட்டாலும் திரும்ப வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படம் வெளியானதும், வீட்டில் யாரும் அதைப் பார்க்கக் கூடாது என்று கத்தலக்கா கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள். நாத்தனார் கேட்டால்தானே. தம்பி மகள் மேல் உயிர் அவளுக்கு. அம்மா குரலைக் கேட்கட்டும் என்று மதியக் காட்சிக்கு அழைத்துப் போய்விட்டாள்.

மறுநாள் காலை நடந்ததைக் கத்தலக்காதான் பின்னால் என்னிடம் சொன்னாள். கழுவும் தொட்டியில் பாதி கரைந்த மாத்திரை கிடந்தது.

"ஏன்டி துப்பினே?"

"மாத்திரையில சரியாகாதும்மா. அந்தப் பொண்ணுக்கும் ஆகலையே."

"அது சினிமாடி. பேயும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அந்தச் சத்தமே நான் போட்டதுதான்."

"தெரியும். எனக்கு வர்றப்பவும் இதே சத்தம்தான்னு அத்தை சொன்னாங்க. நான் அதைக் கேட்டதே இல்லை. நேத்துதான் கேட்டேன். எனக்குள்ள யாரும்மா இருக்கா?"

"யாரும் இல்லடி கண்ணு. அது நோய். வெறும் நோய்."

மகள் அவள் முகத்தையே பார்த்தாள்.

"அப்புறம் ஏம்மா அதைப் பேய்க்குக் கொடுத்தே?"