வெளிச்சம் கூடவேண்டுமென்று நேர்ந்துகொண்டேன்

என் மகள் நட்சத்திரத்துக்கு எக்ஸ்ரே படம் எடுக்கிறவள். பீர்மேட்டில் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் இது தெரியாத ஆள் கிடையாது. நான்தான் சொன்னேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவுதான் என் படிப்பு. சொல்வதற்கு அது போதும்.

"நட்சத்திரத்துக்கு நெஞ்சுல சளியா மதினி?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"சளி உனக்குத்தான். அது வெடிச்சே போச்சு" என்றேன்.

வெடித்துச் சிதறியது இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் இருக்கிற பழைய வாயு வளையத்தில் அது மோதுகிற இடம் சூடேறி ஒளிர்கிறது. அதிலிருந்து வரும் எக்ஸ்ரே கதிரைக் காற்று மறித்துவிடும் என்பதால், பூமியைச் சுற்றி வரும் தொலைநோக்கியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை படமெடுத்துப் பழைய படங்களோடு ஒப்பிடுகிறார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே மகளுக்கு இதுதான் வேலை.

அந்த வளையம் இனி எப்படி மாறும் என்று அவள் எழுதி அச்சில் வந்திருந்தது. பெரிய ஆட்கள் சிலர் ஒப்பவில்லை. அடுத்த படம் அதற்கு மாறாக வந்தால், எழுதியது தப்பென்று அவளே எல்லோருக்கும் சொல்ல வேண்டும். நான் அதற்கு மேல் விவரம் கேட்கவில்லை. கவாத்து வெட்டிய தேயிலைச் செடியில் கொழுந்து கூடினால்தானே நல்லது? வெளிச்சம் கூடினால் பொங்கல் வைப்பதாக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன்.

அவள் லீவுக்கு வந்திருந்தபோது படம் வந்தது. நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"குறைஞ்சிருச்சும்மா!" என்று கத்தினாள்.

முறத்தைக் கீழே வைத்தேன். "போகட்டும்ட்டி. மனசத் தளரவிடாத."

"நான் எழுதுனதே குறையும்னுதாம்மா. வெடிச்சது வளையத்தத் தாண்டி வெளிய போயிருச்சு. கூடியிருந்தாத்தான் என் பாடு திண்டாட்டம்."

"நான் கூடணும்னுல்லா நேந்துகிட்டேன்."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அடுத்த படத்துக்கு எப்படி வேண்டணும்னு இப்பமே சொல்லிரு" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாதம்மா. உள்ளது உள்ளபடி வரட்டும். நான் எழுதுனது தப்புன்னா தப்புதான்."

வேண்டாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அடுத்த ஆறு மாதமும் கோயிலில் நட்சத்திரப் பேச்சையே நான் எடுக்கவில்லை.