ஜலாலுதீன் பாயின் நாக்கு

குன்னூரிலிருந்து வெலிங்டன் போகும் பாதையில், தகரக் கூரை போட்ட ஒரு கடையில் பழைய இரும்பு நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பெயர்ப்பலகை கிடையாது. ஜலாலுதீன் பாய் கடை என்றால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுபோய் விடுவார். துரைமார் காலத்திலிருந்து எஸ்டேட் பங்களாக்களின் தோட்டத்தில் மழையும் வெயிலும் தின்ற நாற்காலி, பெஞ்சு, வட்ட மேசை எல்லாம் பங்களா கைமாறும்போது அவரிடம்தான் வந்து சேரும். பிறகு ரிசார்ட்காரர்கள் வாங்கிப் போவார்கள்.

எது அசல் பழசு, எது பழசுபோலச் செய்தது என்று கண்டுபிடிப்பதில் மனிதர் கெட்டிக்காரர். அதைப் பத்துப் பேர் பார்க்கச் செய்து காட்டுவதில் இன்னும் கெட்டிக்காரர். முதலில் காந்தத்தை வைப்பார். ஒட்டாவிட்டால் அலுமினியம், பின்னால் வந்த சரக்கு. ஒட்டினால் நாற்காலியைக் கவிழ்ப்பார். வார்ப்பிரும்பில் பெரணி இலையும் திராட்சைக் கொடியும் ஓடினால் முகம் மலரும். மூட்டில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் சுருங்கும். திருகாணித் தலையில் ஒற்றைக் கோடு என்றால் சரி, நட்சத்திரம் என்றால் உதட்டைப் பிதுக்குவார். கடைசியில்தான் வித்தை. கட்டைவிரல் நகத்தால் கால் இடுக்கில் பெயிண்டைச் சுரண்டி, அந்தச் செதிலை நாக்கு நுனியில் வைப்பார். கண்ணைப் பாதி மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்து, "ம்ம்ம்..." என்று இழுப்பார். இனித்தால் அசல். கடை போட்ட நாளிலிருந்து இதுதான் அவருடைய முத்திரை.

அன்றைக்கு வந்தவள் ஜெயஸ்ரீ. வெலிங்டனில் ராணுவ அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். வீட்டு முன்னால் போட இரண்டு நாற்காலி வேண்டுமென்றாள். பாய் வழக்கம்போல எல்லாம் செய்து காட்டி, நாக்கில் செதிலை வைத்ததும் அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"ஏனுங்க பாய், அதைப் போயி வாயில வெக்கறீங்க?"

"ருசிதானுங்க சாட்சி. இனிக்குதுங்க. அசல் பழசு."

"இனிக்கறது ஈயமுங்க. அந்தக் காலத்துப் பெயிண்ட்ல அதைத்தான் கலப்பாங்களாம். எங்கக்கா ஊட்டுல பழைய சன்னலைச் சொரண்டுனாங்க, அவ கொழந்தைக்கு ரத்தத்துல ஏறிப்போச்சு. பெரியவங்களுக்கே ஆகாது. சின்னக் கொழந்தைன்னா மூளையவே பாதிக்குமாமா. அவனுக்குப் பேச்சே லேட்டாத்தான் வந்துச்சுங்க."

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பாய்க்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் நக்கிய எனக்கு என்ன ஆகிவிட்டது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். பேச்சு லேட்டாத்தான் வந்துச்சு என்ற வார்த்தை அப்புறம்தான் உள்ளே இறங்கியது.

வீட்டில் பேரன் இக்ராம் இருந்தான். கணவன் துபாயில் இருப்பதால் மகள் ஷாயிஸ்தா குழந்தையோடு தகப்பன் வீட்டில்தான் இருக்கிறாள். ஒன்றரை வயது தாண்டியும் இக்ராமுக்கு வந்த ஒரே சொல், நன்னா. தாயின் தகப்பனை அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தன்னைத்தான் முதலில் கூப்பிட்டான் என்று பாய் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக் குழந்தை அதே வயதில் வாய் ஓயாமல் பேசியபோதும், ஆம்பளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று மகளை அதட்டி வைத்திருந்தார்.

அந்த வீட்டு முற்றத்தில் ஒரு வெள்ளை நாற்காலி கிடந்தது. அவலாஞ்சிப் பக்கத்து பங்களாவிலிருந்து வந்தது. எவ்வளவு பேர் கேட்டும் பாய் கொடுக்காத நாற்காலி. இக்ராம் நிற்கப் பழகியதே அதைப் பிடித்துத்தான்.

கடையைத் திறந்து போட்டபடியே பாய் வீட்டுக்குப் போகும் மேட்டில் ஏறினார். மூச்சு வாங்கியது. குழந்தை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஷாயிஸ்தா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பாய் அவனை விலக்கி நாற்காலியைக் கவிழ்த்தார். இது புதுசாக இருக்கட்டும், யாராவது என்னை ஏமாற்றியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தார். காந்தம் கப்பென்று ஒட்டியது. வெல்டிங் இல்லை. அடிப்பக்கம் முழுக்கப் பெரணி இலை. ஒரு காலில் மட்டும் நட்சத்திரத் தலைத் திருகாணி தெரிந்தது, உயிர் வந்தது. அடுத்த நொடி, துருப்பிடித்த பழையதைக் கழற்றிவிட்டு அதைப் போட்டவர் தாமேதான் என்பது ஞாபகம் வந்தது.

மிச்சமிருந்தது நாக்குதான். விஷம் என்று தெரிந்தே சுரண்டி வைத்தார். கண் தானாகப் பாதி மூடியது, தலை தானாகச் சாய்ந்தது.

இனித்தது.

கண்ணைத் திறந்தபோது இக்ராம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்தான். குட்டிக் கட்டைவிரலால் நாற்காலிக் காலைச் சுரண்டினான், விரலை நாக்கில் வைத்தான், கண்ணைப் பாதி மூடினான், தலையை ஒருபக்கம் சாய்த்தான். "ம்ம்ம்..."

ஷாயிஸ்தா சிரித்தாள். "பாத்தீங்களா அத்தா, அப்படியே உங்கள மாதிரி! கடையில உங்களப் பாத்துட்டு வந்து, கொஞ்ச நாளா இவனுக்கு இதே வேலைதான். வீடியோ எடுத்து துபாய்க்கு அனுப்புனேன், அங்க எல்லாரும் சிரிக்கறாங்களாம்."

பாய் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். அவன் வீறிட்டான். மகள் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். அவர் சொல்ல வேண்டியதாயிற்று. தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தார். அவள் கத்துவாள், திட்டுவாள் என்று நினைத்தார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இவன் பேசாம இருக்கறது அதனாலயா அத்தா?"



கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். யார் சுரண்டுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவருக்கும் எடுத்தார்கள். முடிவு வரச் சில நாளாகும் என்றார்கள். அந்த நாட்களில் ஜலாலுதீன் பாய் கடைப்பக்கம் போகவில்லை. நாற்காலியைத் தார்ப்பாயில் சுற்றி, கடையிலேயே பூட்டச் சொல்லி அனுப்பிவிட்டார். ஈரத்துணியால் முற்றத்தைத் துடைத்துத் துடைத்து விரல் வெடித்தது. தட்டைத் தரையில் போட்டு, சத்தம் கேட்டுக் குழந்தை திரும்புகிறானா என்று பார்ப்பார். திரும்பினால் அது போதாது, பேர் சொல்லிக் கூப்பிடுவார். தொழுகையில் ஓத வந்தது மறந்துபோய், என் பாவத்தை அவன்மேல் இறக்காதே என்பது மட்டும் வந்தது. மகள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு மட்டும் வேளை தவறாமல் வைத்தாள், அதுதான் அவரை இன்னும் கொன்றது.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஏறித்தான் இருக்கு. ஆனா இப்பவே மருந்து வேணுங்கற அளவுக்கு இல்ல. வாய்ல போறது நின்னா மெல்ல மெல்ல இறங்கும். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். பேச்சு அதனாலயான்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. உங்களுக்குத்தான் பெரியவரே ரொம்ப அதிகம். நாளைக்கே வந்து அட்மிட் ஆகணும்."

"பையனுக்கு இறங்கிருமுங்களா?"

"நாற்காலிய மாத்துனா மட்டும் போதாது. இந்தப் பழக்கம் போகணும்."

வெளியே வராந்தாவில் பெயிண்ட் உரிந்த இரும்பு பெஞ்சு. ஷாயிஸ்தா செருப்பை மாட்டக் குனிந்த நேரத்தில் இக்ராம் அதைச் சுரண்டத் தொடங்கிவிட்டான். பாய் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். பிடித்தபடியே அவருக்குக் குன்னூர் முழுக்கக் கண்ணில் ஓடியது. கேட், கம்பி வேலி, பார்க் பெஞ்சு, ஸ்டேஷன் தூண், மாடிப்படிக் கைப்பிடி. எதில்தான் பெயிண்ட் இல்லை? எத்தனை இடத்தில் நின்று காவல் காப்பது? வேண்டாம் வேண்டாமென்று வாரமெல்லாம் அதட்டியதில், அவனுக்கு அது இன்னும் நல்ல விளையாட்டாகத்தான் ஆகியிருந்தது.

பாய் குழந்தைக்கு எதிரே தரையில் மண்டி போட்டார். பெஞ்சைத் தொடாமல் சுரண்டுவதுபோல நகத்தை அசைத்தார். வெறும் விரலை நாக்கருகே கொண்டுபோனார். கண்ணைப் பாதி மூடி, தலையைச் சாய்த்து, "ம்ம்ம்..." என்றார். குழந்தை ஆவலாக முன்னால் சாய்ந்தான். சட்டென்று பாய் முகமெல்லாம் கோணி, உடம்பை உதறி, "த்தூ! கசப்பு!" என்றார்.

இக்ராம் சிரித்தான். பாய் மறுபடி செய்தார். மறுபடியும். டோக்கன் பிடித்துக் காத்திருந்தவர்கள், கிழவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். அசல் பழசு, அசல் பழசு என்று ஊரையே கூட்டிக் காட்டிய நாக்கை நீட்டி, அத்தனை பேர் முன்னால் அவர் துப்பிக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. அதைப் பார்த்துக் குழந்தையின் சிரிப்பு நின்றது. அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்தான், நன்னாவைப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான்.

"த்தூ," என்றான். பிறகு, "கப்பு."

ஷாயிஸ்தா வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவனுடைய இரண்டாவது சொல்.

ஜலாலுதீன் பாய் பேரனைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு தடவை செய்து காட்ட அடுத்த பெஞ்சுக்குப் போனார்.