முளைப்பாரிக்குள் ஒரு கிரகம்

கோவிந்தாபுரத்தில் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் எனக்கு ஒரு கிரகத்தின் மேல் பைத்தியம் பிடித்தது. அது நம் சூரியனைச் சுற்றுவதில்லை. எங்கோ ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. முழுக்கப் பாறை. நட்சத்திரத்துக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுமாம். அந்தப் பக்கம் முடியாத பகல், பாறையே பொரியும். மறுபக்கம் விடியாத இரவு, எல்லாம் பனிக்கட்டி. இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை, அங்கே எந்நேரமும் பொழுது சாயும் வேளை. காற்றும் தண்ணீரும் தங்கியிருந்தால் அந்தப் பட்டையில் உயிர் இருக்கலாம் என்று டீச்சர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் என்ன?

வீட்டில் அப்போது சித்தி மாரியம்மனுக்கு முளைப்பாரி போட்டிருந்தார். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து ஆறு வருஷம். குழந்தை வேண்டித்தான் என்பது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும்; தெரிந்து என்ன, என் மூளை முழுக்கப் பாறை. தேங்காய் போட்டு வைக்கும் இருட்டறையில், மண் வட்டிலில் நவதானியம் முளைத்து மஞ்சளாய் நின்றது. பயிர் ஒரே சீராக வளர்ந்தால் கேட்டது கிடைக்கும் என்பார்கள். சித்தியைத் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது.

திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது சித்தி வீட்டுக்குத் தூரமானார். மூன்று நாள் பின்கட்டு அறையில் இருக்க வேண்டும், முளைப்பாரியைத் தொடக்கூடாது. வயசுக்கு வராத பெண் என்பதால் தண்ணீர் தெளிக்கும் வேலை எனக்கு வந்தது. "கதவ நல்லாச் சாத்தீரு கண்ணு" என்றபோது சித்தியின் கண்கள் சிவந்திருந்தன. பயிரைப் பிரிவதற்கா இத்தனை அழுகை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கோ தலைகால் புரியவில்லை. மூன்று நாளைக்கு ஒரு கிரகமே என் கையில்.

கோழிக்குஞ்சுக் கூண்டின் பல்பைக் கழற்றி வந்து வட்டிலின் ஓர் ஓரத்தில் இலையைத் தொடுகிற மாதிரி தொங்கவிட்டேன். எதிர் ஓரத்தைச் சாக்கால் மூடினேன். குஞ்சுகள் குளிரில் கத்தின. அம்மா பூனையைச் சந்தேகப்பட்டார். மூன்றாம் நாள் கதவைத் திறந்தவள் கத்திவிடாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டேன். பல்புப் பக்கம் கருகிக் கிடந்தது. சாக்குப் பக்கம் வெளுத்துத் துவண்டிருந்தது. நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு அசல் பச்சை. டீச்சர் சொன்ன அதே பட்டை.

மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்த சித்தியை நானே இழுத்துப் போய்க் காட்டினேன். நட்சத்திரம், பாறை, பனி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி விழும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விழவில்லை. சித்தி அந்தப் பச்சையை விரலால் தடவினார்.

"இத்தன சூட்டுக்கும் குளுருக்கும் நடுவால உசுரு வருமா கண்ணு?"

"வரலாமுங்க சித்தி. வராதுன்னு யாரும் சொல்லலீங்க."

திருவிழாவன்று, பாதி கருகி பாதி வெளுத்த அந்த வட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு சித்தி கோயிலுக்கு நடந்தார். ஊர்ப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தி தலையைக் குனியவில்லை. பக்கத்தில் நான் துள்ளிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் இன்னொருவருக்கும் அந்தக் கிரகத்தைப் பிடித்துவிட்டதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். சித்தி கேட்டது கிரகத்தைப் பற்றித்தான் என்று நினைத்திருந்தேன்.