தலையாட்டிவிட்டு வந்த நாள்

1944ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், ஜப்பான்காரர் ஆட்சியின்போது, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்தது இது. ரயில்வே குடியிருப்புக்குப் பக்கத்துச் சந்தில் நான் சிறிதாக ஒரு முடிதிருத்தும் கடை வைத்திருந்தேன். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவன் நான். பேச்சும் எனக்கு அதிகம் வராது. "உன் கடையில கத்தரிக்கோல்தான்யா பேசுது" என்று வாடிக்கைக்காரர்கள் கேலி செய்வார்கள். நான் சிரித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

குடியிருப்பில் ஒரு குடும்பம் எனக்கு நெருக்கம். கணவர் தண்டவாள வேலைக்காரர். மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்கு ஒரே மகன். ஏழு வயதிலிருந்து அவன் தலையில் என் கத்தரிக்கோல்தான் பட்டிருக்கிறது. அவனுக்கு உச்சியில் இரட்டைச் சுழி. எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் அந்த இடத்தில் முடி படியாது. எழுந்து எழுந்து நிற்கும். "ரெண்டு மருமக வரப் போறாளுங்க தம்பி, எனக்கு ரெண்டு பக்கமும் இடிதான்" என்று அந்த அக்கா சொல்லிச் சிரிப்பார்.

1943இல் அவனுக்குப் பதினேழு வயது. மரவள்ளிக்கிழங்கு வாங்கி வருவதற்காகக் கிள்ளானில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனவனை, வழியில் மறித்து லோரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்த அக்கா சிரிப்பதை விட்டுவிட்டார். சாப்பாட்டையும் பாதி விட்டுவிட்டார்.

ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்து, ஒரு நாள் மத்தியானம், அவர் கணவர் கடைக்கு வந்தார். கத்தியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றார். நடந்துகொண்டே காதில் சொன்னார், மகன் தப்பி வந்துவிட்டானாம்.

வீட்டின் பின்பக்கம் ஒரு முக்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். முகம் மட்டும் ஊதிப்போயிருந்தது. குரல் கரகரத்திருந்தது. தாடியும் சடையும் பேனுமாக அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சயாம் போனால் ஆள் அடையாளமே தெரியாமல் போய்விடும் என்று கேள்விப்பட்டிருந்ததால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கிள்ளான் சித்தப்பா பெயர், வீட்டில் முன்பு வளர்த்த கறுப்பு ஆட்டின் பெயர், சின்ன வயதில் சுடுகஞ்சி கொட்டி அப்பாவின் காலில் ஏற்பட்ட காயம் எல்லாவற்றையும் அவன் சொன்னானாம். அக்கா ஒளித்து வைத்திருந்த கடைசிப் பிடி அரிசி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது.

முடியை ஒட்ட வெட்டிவிட்டு, தண்ணீர் தொட்டு மழிக்க ஆரம்பித்தேன். மொட்டை அடிக்கிறவன் முதலில் சுழியைத்தான் பார்ப்பான். முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் கத்தியை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் கிழியும். இந்தத் தலையில் இரண்டு சுழியைத் தேடி என் விரல் போனது. இருந்தது ஒன்றுதான். அதுவும் உச்சியில் இல்லை, இடது பக்கம் தள்ளி இருந்தது. புண் தழும்புகள் இருந்தன. ஆனால் தழும்பு எத்தனை இருந்தாலும் சுழி இடம் மாறாது.

என் கை நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து அடுப்பங்கரையிலிருந்து அக்கா, "ரெண்டு சுழிக்காரன் தம்பி, பாத்து வழி" என்றார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவர் குரலில் சிரிப்பு கேட்டது.

அவன் தலையைக் குனிந்தபடியே இருந்தான். என் விரல் நின்றது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்லச் சொன்னான்.

"நான் வந்த பொறகுதான் அம்மா சோறு தின்னுச்சாம். அப்பா சொன்னாருண்ணே."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. மிரட்டவும் இல்லை. நான் மீதித் தலையையும் மழித்து முடித்தேன்.

வாசல் வரைக்கும் கணவர் கூட வந்தார். அவர் மனதில் ஏதோ உறுத்தல் இருந்திருக்கிறது. என் தோளைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்.

"சின்னதிலேருந்து உன் கையில வளந்த தலை. அவன்தானே தம்பி?"

உள்ளே தட்டு கழுவும் சத்தம் கேட்டது. நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று பிற்பாடு என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். அந்த அக்காவின் சாப்பாட்டைப் பறிக்க மனம் வரவில்லை என்பது உண்மை. ஆனால் அது முழு உண்மை இல்லை. ஒரு வீட்டில் நின்று "இவன் உங்கள் மகன் இல்லை" என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. என் கூச்சத்துக்கு இரக்கம் என்று பேர் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் அவன் அந்த வீட்டில் இருந்தான். ஒரு நாள் காலையில் அக்கா அரிசிக் கூப்பனுக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்து பார்த்தபோது ஆளைக் காணோம். காலம் கெட்டுக் கிடந்ததால் அவர் தாலியைக் கழற்றி மாவு டின்னில் ஒளித்துவிட்டு, கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறோடு இருந்தார். டின் கவிழ்ந்து கிடந்தது. தாலி இல்லை.

அவன் மகன் இல்லை என்பது யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கெல்லாம், பெற்ற தாயின் தாலியைத் திருடிக்கொண்டு ஓடியவன் அவர்கள் மகன்தான். அவன் தப்பி வந்ததாக மறைத்து வைத்த செய்தி இப்போது குடியிருப்பு முழுவதும் பரவியது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், "வளத்த லட்சணம் அப்படி" என்று காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள். இனி அவன் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று கணவர் சொல்லிவிட்டார். பெட்டியில் பத்திரமாக இருந்த அவன் சட்டைகளைக் கொண்டுபோய் எரித்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

1945இல் சண்டை முடிந்தது. சில வாரங்கள் கழித்து சயாமில் மிஞ்சியவர்கள் ரயிலில் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் பெண்கள் தினமும் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். இறங்குகிற ஒவ்வொருவனின் கையையும் பிடித்து, என் புருஷனைப் பார்த்தாயா, என் மகனைப் பார்த்தாயா என்று கேட்பார்கள். நானும் போய் ஓரமாக நிற்பேன். அந்த அக்கா மட்டும் வரவே இல்லை. அவர் யாரைக் கேட்பார்? அவர் மகன்தான் ஏற்கெனவே வந்து, திருடிவிட்டுப் போய்விட்டானே. மற்றவர்கள் காத்திருந்த அந்த நாட்களில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்.

இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அக்கா கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சுழியைச் சொன்னேன், அவன் மெல்லச் சொன்னதைச் சொன்னேன், நான் தலையாட்டியதையும் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப என் புள்ள திருடல" என்றார்.

"இல்லக்கா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தில் ஒரு நிமிடம் பழைய வெளிச்சம் வந்து போனது. பிறகு என்னைப் பார்த்தார்.

"அவனுக்கு எங்க வீட்டு ஆட்டுப் பேரு வரைக்கும் தெரிஞ்சுதே தம்பி. என் புள்ள வாயால கேட்டாத்தானே தெரியும்? நீ அன்னிக்கே சொல்லியிருந்தா, அவன் கால்ல விழுந்தாவது கேட்டிருப்பேனே, என் புள்ள எங்க கெடக்கான்னு. தாலிய நானே கழட்டிக் குடுத்திருப்பேன்."

எனக்கு இது தோன்றவே இல்லை. அவன் ஒரு திருடன் என்பது மட்டும்தான் என் புத்திக்கு எட்டியிருந்தது. சயாமில் எங்கள் பையனுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்து, அவன் வீட்டு நினைப்பையெல்லாம் காதால் கேட்டவன் அவன்தான் என்பது எட்டவில்லை.

மறுநாளே அக்கா ஸ்டேஷனுக்குப் போனார். தாமதமாகிவிட்டது. வருகிற கூட்டம் குறைந்து, பிறகு நின்றே போனது. அவர் கேட்ட யாருக்கும் அவனைத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த வருடம், உடலும் இல்லாமல், இறந்த தேதியும் தெரியாமல், மகனுக்குக் கருமாதி செய்தார்கள். மழிப்பதற்கு என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள். வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். அக்கா சொல்லி எல்லாம் தெரிந்திருந்த கணவர் என் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதில்லை.

எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனாலும் அந்த அக்கா கதவைச் சாத்திக்கொண்டிருந்த இரண்டு மாதத்தில் ஸ்டேஷனில் இறங்கி, யாரும் கேட்காததால் தாங்கள் அறிந்ததைச் சொல்லாமலே தங்கள் ஊருக்குப் போய்விட்ட அந்த மனிதர்களை நினைக்கும்போதெல்லாம், என் ஒரு தலையாட்டலுக்கு இன்னும் நான் பதில் சொல்லி முடிக்கவில்லை என்றே தோன்றுகிறது.