தீவு வீட்டுப் புகைபோக்கி

வீடு தீப்பிடித்துவிட்டது என்று முழுமனதாக நம்பினேன். படுக்கையறைச் சுவரின் விரிசலில் புகை வந்தால் வேறென்ன நினைப்பது? திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, காயல் நடுவே சின்னத் தீவில் இருக்கிறது அக்கா வீடு. பிறந்து இருபது நாளான பேரனைத் தூக்கிக்கொண்டு அக்கா முற்றத்துக்கு ஓடுகிறாள். ஐம்பது வயது வீரனான நான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோணியில் ஏறிவிட்டேன்.

அக்கா விறகடுப்பை அணைத்ததும் புகை நிற்கிறது; நானும் தோணியிலிருந்து இறங்கி வருகிறேன். படுக்கையறைச் சுவரை ஒட்டி மேலே போகும் புகைபோக்கியைப் போன வாரம்தான் இடித்துக் கட்டினார்கள். கட்டிய மேஸ்திரி, பாறசாலைத் தமிழர், அக்கரையிலிருந்து வந்து கூரையை அண்ணாந்து பார்த்துப் பூரிக்கிறார்.

"எந்தா சாரே, கோபுரம் மாதிரில்லா நிக்குது!"

"கும்பிடவா கூப்பிட்டேன்? பச்சப்பிள்ளை மூக்குல புகை போகுதுய்யா! சுவரை உடையும்."

"பூச்சு போயிருமே, சாரே."

நானே சுத்தியலைத் தூக்குகிறேன். அது என் காலில் விழப் பார்க்கிறது. மேஸ்திரி பயந்து வாங்கிக்கொள்கிறார்.

நாலு செங்கல் பெயர்ந்ததும் உள்ளே புகைக்குழாய் தெரிகிறது. கீழே ஒன்று, மேலே ஒன்று. நடுவே என் தலை நுழையும் வெற்றிடம்.

"தோணியில ஏத்தும்போ ஒரு கொழா பொட்டிப் போச்சு. சொன்னா சேச்சி சங்கடப்படும்லா?"

பேரப்பிள்ளைக்கு மூச்சு முட்டினால் அவர் சேச்சி, என் அக்கா, சங்கடப்பட மாட்டாளாம்!

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வாங்கியது மூன்று குழாய். ஒன்று உடைந்தது. மேஸ்திரி இரண்டை மட்டும் வைத்து, சுற்றிலும் செங்கல் அடுக்கிப் பூசியிருக்கிறார்.