கட்டவிழ்க்க இருந்த சனிக்கிழமை

கோழிக்குஞ்சை என் மகள் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். பாடசாலை வான் வண்டியிலிருந்து இறங்கி, நாலு மாடியும் ஏறி, மூச்சு வாங்க என் முன்னால் நின்று மூடியைத் திறந்தாள். மிச்சமிருந்த இடியப்பத்துக்கு மேல் மஞ்சளாக ஒன்று படுத்திருந்தது. வலது கால் பக்கவாட்டில் விரிந்து, அதற்குச் சொந்தமில்லாத கால் போலக் கிடந்தது.

விஞ்ஞானப் பாடத்துக்காக வகுப்பில் முட்டைகளைக் குஞ்சு பொரிக்க வைத்திருந்தார்களாம். முற்றம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் நல்ல குஞ்சுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இது வழுக்கும் தட்டில் விழுந்து காலைப் பிசகிக்கொண்டது. பிழைக்காது என்று ரீச்சர் சொல்ல, வெள்ளவத்தையில் ஒரு பூச்சாடி வைக்கவே இடமில்லாத வீட்டில் இருக்கிற என் மகள் கையை உயர்த்தியிருக்கிறாள்.

"விசரே உனக்கு? இதை எங்க வைச்சு வளர்க்கிறது?"

"கால் சுகமாகுமட்டும்தான் அம்மா. நடக்கத் துவங்கினா ரீச்சர் தன்ர வீட்டுக்குக் கொண்டு போவா."

நான் முதலில் கத்துவேன், பிறகு செய்வேன். அது என் குணம். அன்று பின்னேரமே இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த நாய் வைத்தியரிடம் குஞ்சைக் கொண்டுபோனோம். அவர் மெல்லிய பண்டேஜ் துண்டால் இரண்டு கால்களையும் ஓரளவு இடைவெளி விட்டுச் சேர்த்துக் கட்டினார். இனிக் கால் விரியாது, ஐந்து நாள் கழித்து அவிழ்த்துப் பாருங்கள் என்றார். அன்று திங்கட்கிழமை. ஐந்து நாள் கழிந்தால் சனி.

"சனிக்கிழமை இது நடக்கும். அம்மா நடக்க வைப்பன்," என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தேன். யார் கேட்டார்கள்? என் வாய்தான்.

அது புரட்டாதி மாதம். போன வருடம் மகளுக்கு டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைத் துண்டு வரும்போதெல்லாம் நான் தாதியின் முகத்தையே பார்த்த நாட்கள் இன்னும் எனக்குள் இருக்கின்றன. அவள் வீடு திரும்பியதும் கொட்டாஞ்சேனையில் ஒரு சாத்திரியாரிடம் அவளுடைய சாதகக் குறிப்பைக் காட்டினேன். ஏழரைச் சனி நடக்கிறது, புரட்டாதிச் சனி ஒன்றையும் தவறவிடாமல் விரதம் பிடியுங்கள், காகத்துக்கு வைக்காமல் சாப்பிடாதீர்கள் என்றார். நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பல்கனி முழுக்கப் புறாவுக்காக நைலோன் வலை அடித்திருக்கிறோம். சனிக்கிழமைகளில் வலையின் ஒரு மூலையை அவிழ்த்து, பல்கனிச் சுவரின் மேல் வாழையிலைத் துண்டை வைத்து, சோறும் கறியும் போட்டு, கா கா என்று கூப்பிடுவேன். காகம் கொத்திய பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. முதல் இரண்டு சனியும் மேல் அலகு உடைந்த ஒரு காகம் வந்து கொத்திவிட்டுப் போனது. அதன் அலகை நான் கும்பிட்டிருக்கிறேன் என்றால் பாருங்கள்.

குஞ்சுக்கு ஒரு பிஸ்கட் பெட்டி. காலை வெயில் படட்டும் என்று அதைப் பல்கனியில் வைத்தேன். செவ்வாய்க்கிழமையே அலகுடைந்த காகம் வந்து எதிர் மின்கம்பியில் குந்தியிருந்தது. புதன்கிழமை மூன்று. வியாழக்கிழமை ஐந்து. ஒன்றும் கரையவில்லை. தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தன. சத்தம் போடாத காகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆனாலும் என் மடத்தனத்தைக் கேளுங்கள், எனக்குச் சந்தோசமாக இருந்தது. கூப்பிடாமலே வருகிறது, சனீஸ்வரன் மனம் இரங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் ஆன்ட்டி தன் பல்கனிக்கு உடுப்பு எடுக்க வந்தபோது கம்பியைக் கண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மகள், இந்தக் காகங்கள் ரெண்டு நாளா ஒங்கட ஊட்டைத்தான் பாத்துக்கிட்டு ஈக்குது. குஞ்ச உள்ளுக்கு எடுத்து வைங்க."

"வலை இருக்குத்தானே ஆன்ட்டி," என்றேன்.

ஆன்ட்டி மறுபடி கம்பியைப் பார்த்தார். உடுப்பை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை குஞ்சு எழும்பி நின்றது. கட்டின கால்களால் இரண்டு எட்டு வைத்து, மூன்றாவதில் முகம் குப்புற விழுந்து, பிறகும் எழும்பியது. மகள் கைதட்டினாள். "அம்மா, இப்பவே அவிழ்ப்பமே? பாருங்கோ, நடக்குது."

"ஐஞ்சு நாள் எண்டால் ஐஞ்சு நாள். நாளைக்கு மத்தியானம் நீ கிளாஸால வந்த உடன அவிழ்ப்பம். நீயே வெட்டு."

அவள் முகம் வாடிப்போனது. எனக்குத் தெரியும், நான் கண்டிப்பான தாய்.

சனிக்கிழமை காலை கணக்கு வகுப்புக்குப் போகமுன், தன் சின்னக் கத்தரிக்கோலைப் பல்கனியில் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நான் கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் விளக்கேற்றி வந்து சமைத்தேன். மத்தியானம் வலையை அவிழ்த்து இலையை வைத்தேன். கூப்பிட்டேன்.

ஒரு காகமும் இல்லை.

கிழமை முழுக்க வந்து குந்தியிருந்த கம்பி வெறுமையாகக் கிடந்தது. கால் மணித்தியாலம் போனது. கடற்கரைப் பக்கம் ஒரு ரயில் போய், சத்தம் அடங்கியது. சோறு காய்ந்துகொண்டு வந்தது. "வரும், இன்னொருக்காக் கூப்பிடு," என்று கணவர் உள்ளே இருந்து சொன்னார். கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் படுத்திருந்தது கண்ணுக்குள் வந்தது. ஐயோ, இன்றைக்கென்று வராமல் விட்டால்? தொண்டை வறளும்வரை கூப்பிட்டேன்.

அப்போது அது வந்தது. அலகுடைந்தது. சுவரின் மேல் இறங்கி, சோற்றைப் பார்த்து, என்னைப் பார்த்து, அசையாமல் நின்றது. இனிக் கொத்தும்தானே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வந்திட்டுது! வாங்கோ, சாப்பாடு போடுறன்!" என்று உள்ளே ஓடினேன்.

வலை திறந்தபடி இருந்தது.

சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் எடுத்திருப்பேன். ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது, ஒன்றே ஒன்று. பிறகு சிறகடிப்பு. நான் ஓடிவந்தபோது பிஸ்கட் பெட்டி சரிந்து கிடந்தது. எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தாங்கியில் காகம் நின்றது. அதன் காலடியில் மஞ்சளாகக் கொஞ்சமும் வெள்ளைப் பண்டேஜும் தெரிந்தன. நான் கத்திக்கொண்டு பல்கனியில் கிடந்த செருப்பை எடுத்து எறிந்தேன். அது தூக்கிக்கொண்டு கடல் பக்கம் போய்விட்டது. இலையில் ஒரு சோறு குறையவில்லை.

கணவர் வந்து பார்த்தார். பிறகு மெல்ல, "விடு. பிள்ளைக்கு வர இருந்தது அதோட போச்செண்டு நினை," என்றார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஆறுதல் வந்தது. உண்மையாகவே வந்தது. சரிந்த பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, நல்லது, கணக்குத் தீர்ந்தது என்று ஒரு கணம் நினைத்தேன். அப்போது படிகளில் மகள் ஓடிவருகிற சத்தம் கேட்டது.

பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. பெட்டியைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள், திறந்த வலையைப் பார்த்தாள்.

"நீங்கள் கூப்பிட்டுத்தானே வந்தது?"

"ஓம்."

"கட்டு அவிழ்க்கேல்லைத்தானே?"

"இல்லை பிள்ளை."

"அப்ப அது ஓடப் பாத்திருக்கும். ஏலாமப் போயிருக்கும்."

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

அடுத்த சனி, கடைசிப் புரட்டாதிச் சனி. கிழமை முழுக்கப் பல்கனிக் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே காகங்கள் வந்து இருந்ததை மட்டும் கண்டோம். விரதத்தை இடையில் முறிக்கக்கூடாது, பிள்ளைக்காகச் செய்வது என்று கணவர் சொன்னார். எனக்கும் பயம்தான். சமைத்து, இலையில் சோற்றை வைத்து, கதவைத் திறந்து வலை முடிச்சில் கை வைத்தேன். பின்னால் என் சட்டையை யாரோ பிடித்தார்கள். மகள்.

"எனக்காக எண்டா, கூப்பிடாதேங்கோ அம்மா."

என் கை முடிச்சிலேயே நின்றது. கம்பியில் ஐந்தும் இருந்தன. நான் கதவைச் சாத்தினேன். இலையில் இருந்த சோற்றை மூன்றாகப் பிரித்து நாங்களே சாப்பிட்டோம்.

சாப்பிட்டு முடிந்ததும் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை. பின்னேரமும் வைத்துப் பார்த்தேன். இன்றைக்கும் அவள் வகுப்பு முடிந்து வந்தவுடன் வைத்துப் பார்க்கிறேன்.